உரோமாபுரியின் தேரோட்டக் களமும் நகர்ப் பகுதிகளும்

மன்னார்க் கரையின் உட்புறத்தே, கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்களின் நடுவே அமைந்தது முருங்கன். அதற்கு வடமேற்கே, பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரமும் அதனைச் சூழ்ந்த மாந்தை மேடும் உள்ளன. தெற்கே, கடற்கரையை ஒட்டி அரிப்பு, சிலாவத்துறை ஆகிய முத்துக்குளிப்புத் துறைகளைக் கடந்து சென்றால், வில்பத்துக் காட்டின் ஓரத்தே செந்நிறப் பாறையாய்க் கடலை நோக்கி எழுந்து நிற்பது குதிரைமலை. அல்லி அரசாணியின் கோட்டை இருந்த இடம் அதுவே என்பது இப்பகுதியில் வழங்கும் கதை. இன்று மரக்கலமும் அணையாத, மாந்தரும் குடியிராத அம்முனையின் பெயர், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோம நாட்டு நூலொன்றில் இடம்பெற்றுவிட்டது என்று கருதுவாருண்டு.

அந்நூல், கி. பி. 77ஆம் ஆண்டளவில் பிளினி என்னும் அறிஞர் இலத்தீன் மொழியில் எழுதிய ‘இயற்கை வரலாறு’. செங்கடற் பகுதியில் இறை தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்திருந்த அன்னியஸ் பிளொகாமஸ் என்பானிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அராபியக் கரையோரமாய்க் கலஞ் செலுத்துங்கால் வடகாற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ‘இப்பூரஸ்’ என்னும் துறையை அடைந்தான் என்று பிளினி கூறுகின்றார். கிரேக்க மொழியில் அச்சொல்லின் முதற் பகுதி குதிரையைக் குறிப்பது. ஆதலின் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை வரலாறெழுதிய எமர்சன் தெனன்ற் முதலானோர் இப்பூரஸ் என்பது குதிரைமலையே என்றனர். அன்னியஸ் பிளொகாமஸ் கற்பனை மாந்தன் அல்லன் என்பதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. எகிப்தின் கீழைப் பாலைவனத்தில், நைல் நதிக்கும் செங்கடல் துறைகளுக்கும் இடையிலான வணிகப் பெருவழியில், அவனுடைய அடிமை லைசாஸ் என்பான் பொறித்துச் சென்ற வாசகம் கண்டெடுக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி. பி. 6.

கரை சேர்ந்தவனை இலங்கை மன்னன் ஆறு திங்கள் விருந்தினனாகப் பேணினான். அவன் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசரின் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும், அவை யாவும் ஒரே எடையினவாக இருத்தலைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்தான். வியந்ததோடமையாது, இராக்கியாஸ் என்பானைத் தலைவனாகக் கொண்ட தூதர் நால்வரை உரோமாபுரிக்கு அனுப்பினான். அவர்கள் சென்ற காலம் கிளாடியஸ் பேரரசனின் ஆட்சிக்காலம், அது கி. பி. 41 முதல் 54 வரையிலானது.

இத்தூதுச் செய்தியில் வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. இலங்கையில் அரசன் முதுமையும் இரக்கமும் நோக்கி மக்களாலே தெரிந்தெடுக்கப்படுகின்றான். அவனுக்குத் துணையாக முப்பது அதிகாரிகளை மக்களே அமைக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் உடன்பட்டாலன்றி எவரும் மரண தண்டனைக்கு ஆளாவதில்லை. அதன் மேலும் மக்களிடத்து முறையிட வழியுண்டு என்று பிளினி எழுதுகின்றார். இஃது அநுராதபுர ஆட்சியின் உண்மை ஓவியம் என்று கொள்ளுதற்கில்லை. தம் நாட்டார்க்கு நாணம் உண்டாகும்படி தொலைநாடொன்றைப் புகழ்ந்துரைப்பது அக்கால ஆசிரியர் கையாண்ட முறை. ஆயின், மக்களிடத்து முறையீடு என்னும் செய்தி உரோமர் செவியில் உறைத்திருக்கும். அவர்தம் நகரில் அவ்வுரிமை பெயரளவாய்த் தேய்ந்து, மக்கள் அரசனை நேரில் நோக்கிக் குரலெழுப்பத்தக்க இடமாக எஞ்சி நின்றவை பெருங் காட்சியரங்குகளே. அவற்றுட் பெரியது குதிரைத் தேர்கள் ஓடும் பந்தயக் களம்.

விளையாட்டுக்கென அமைந்த ஒரு வெளி நகரத்தின் மன்றமாக மாறியது எங்ஙனம் என்பதை அறிய, முதற்கண் அந்நகரின் அமைப்பை அறிதல் வேண்டும்.

உரோமாபுரி ஏழு குன்றுகளின் மீதும் அவற்றிடைப் பள்ளங்களிலும் பரந்த நகரம். கி. மு. 7இல் அகஸ்தஸ் பேரரசன் அதனைப் பதினான்கு பகுதிகளாக வகுத்தான். ஒவ்வொரு பகுதியும் பல சேரிகளை உடையது. சேரி என்னுஞ் சொல் ஈண்டு மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்னும் பழம்பொருளில் வழங்கப்படுகின்றது. தெருக்கள் கூடும் சந்திதோறும் காவற்றெய்வங்களுக்குச் சிறு கோயில் இருந்தது. சேரியார் தம்முள் தெரிந்த தலைவர் அதற்குப் பூசையும் விழாவும் நடத்தினர். தீயணைத்தல் முதலிய பொறுப்புகளும் அவர்க்கு இருந்தன. கி. பி. 73இல் எடுத்த கணக்கின்படி இத்தகைய சந்திக் கோயில்கள் 265 இருந்தன என்பர் பிளினி. தமிழூர்களில் முச்சந்தியில் வைரவரையும் ஊரெல்லையில் ஐயனாரையும் வைத்து வழிபடுவோர்க்கு இவ்வமைப்பு வியப்பளியாது. ஒருவனுக்குத் தன் சேரியே உலகம். அவனுக்கு அறிமுகமான முகங்கள் அதனுள் அடங்கிவிடும். அவ்வாறாயின், இத்தனை சேரிகளில் வாழ்ந்த பல நூறாயிரம் மக்கள் தாம் ஒரு நகரத்தார் என்பதைக் கண்ணாற் கண்டு உணர்ந்தது எங்கே? இவ்வினாவுக்கு விடை பலதீன் குன்றுக்கும் அவந்தீன் குன்றுக்கும் இடையிலுள்ள நீண்ட பள்ளத்தாக்கிலே கிடக்கின்றது.

அப்பள்ளத்தாக்கில் அமைந்தது ‘சிர்க்கஸ் மக்சிமஸ்’ எனப்படும் பெருங் களம். சிர்க்கஸ் என்பதற்கு வட்டம் என்பதே பொருள். விலங்காட்டிகளின் கூடாரத்துக்கு இன்று வழங்கும் சர்க்கஸ் என்னும் பெயரும் இச்சொல்லின் வழி வந்ததே. களத்தின் நீளம் ஏறத்தாழ 600 மீற்றர். ஒரு முனையில் பன்னிரண்டு புறப்பாட்டு வாயில்கள். நடுவே நெடுக ஓடும் அணை. அணையின் இரு கோடியிலும் கூம்புருவான திருப்பு கம்பங்கள். நான்கு குதிரை பூட்டிய தேர்கள் அணையை ஏழு முறை சுற்றி வருதல் வேண்டும். சுற்றுகளை எண்ணுதற்கு முட்டை வடிவங்களும், கி. மு. 33 முதல் ஓங்கில் மீன் வடிவங்களும் அணைமேல் நிறுத்தப்பட்டன. இருந்து காண்போர் தொகையைப் பிளினி 250,000 என்கின்றார். 150,000 பேர் என மதிப்பிடும் இக்கால ஆராய்ச்சியாளரின் கணக்கைக் கொண்டாலும், அத்துணைப் பேர் ஓரிடத்திற் கூடிய வேறு கட்டடம் அந்நாளில் இல்லை.

களத்திற்கும் நகர்ப் பகுதிகளுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. தார்க்குவீன் என்னும் பண்டை மன்னன் இக்களத்தை முதன்முதல் வகுத்தபோது, குடிமக்களின் முப்பது பிரிவுகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினான் என்பது தியொனிசியஸ் என்னும் சரித்திர ஆசிரியர் காத்துவைத்த மரபு. எனவே, களத்தினுள் நோக்கும் ஒருவன் தன் நகரையே ஒரு படமாகக் கண்டான். பிற்காலத்தில் செனற்றருக்கும் குதிரைவீரர் வகுப்பினர்க்கும் முன்னிருக்கைகள் உரியவாயின. ஏனையோர் மேலே மரத்தட்டுகளில் நெருங்கி அமர்ந்தனர். மற்பூசலும் நாடகமும் நிகழும் அரங்குகளில் ஆடவரும் மகளிரும் வெவ்வேறாக இருத்தப்பட்ட அகஸ்தஸின் காலத்திலும், தேரோட்டக் களத்தில் அவர்கள் அருகருகே அமர்ந்திருந்தனர் என்பது ஒவிட் என்னும் புலவரின் நூலால் அறியப்படும்.

பகுதிகள் களத்திற்குள் இடம்பெற்றதைப் போன்று, களமும் பகுதிகளுக்குப் பெயர் தந்தது. பதினோராம் பகுதிக்கு வழங்கிய பெயர் சிர்க்கஸ் மக்சிமஸ். ஒன்பதாம் பகுதியின் பெயர் சிர்க்கஸ் பிளமீனியஸ். இப்பிந்தியது கி. மு. 220ஆம் ஆண்டளவில் பிளமீனியஸ் என்னும் அதிகாரி வகுத்த வெளி. காலப்போக்கில் கோயில்களும் தூண் மண்டபங்களும் அதன் ஓரங்களை நெருக்க, ஓட்டம் அருகி, சந்தையும் பொதுக்கூட்டமும் படைவெற்றி ஊர்வலத்தின் தொடக்கமுமே அங்கு நிகழ்ந்தன. குதிரை ஓடுவது குறைந்த பின்னரும் களத்தின் பெயர் ஒரு முழு நகர்ப் பகுதியையும் குறித்து நின்றது. யாழ்ப்பாணத்து மக்கள் முற்றவெளி என்னும் பெயரால் ஒரு வட்டாரத்தையே சுட்டுவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

பெருங் களத்தின் புறச்சுவரை ஒட்டிக் கடைகள் நிரை நிரையாய் இருந்தன. அவற்றின் மேல் குடியிருப்புகள். அவற்றினூடே பார்வையாளர் ஏறிச் செல்லும் படிகள். உணவு விற்போரும் சோதிடரும் கழைக்கூத்தரும் அங்கே பிழைத்தனர். பந்தயம் இல்லாத நாளிலும் அவ்விடம் ஓயாத கடைத்தெருவாய் இருந்தது. இவ்வாறு களமும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையின் விளைவு கி. பி. 64இல் வெளிப்பட்டது. களத்தை ஒட்டிய கடைகளில் மூண்ட தீ, அங்கிருந்த எளிதிற் பற்றும் பண்டங்களாலும் காற்றாலும் வளர்ந்து, களத்தின் முழு நீளத்தையும் பற்றி நகரெங்கும் பரந்தது. பதினான்கு பகுதிகளுள் மூன்று தரைமட்டமாயின. ஏழில் இடிந்தும் கருகியும் நின்ற சில எச்சங்களே மிஞ்சின. நான்கே தீண்டப்படாது தப்பின என்பது தாசித்தஸ் தரும் கணக்கு. பின்னர்த் திராசான் பேரரசன் 103ஆம் ஆண்டளவில் களத்தைக் கல்லாலே பெரிதும் புதுக்கினான்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, தேரோட்டம் அடிப்படையில் ஒரு தெய்வ விழா என்பதை மறத்தலாகாது. விழா நாட்காலையில் காப்பிற்றோல் குன்றிலிருந்து ஊர்வலம் புறப்படும். இளைஞர் குதிரையேறியும் நடந்தும் முன்செல்வர். தேர்ப்பாகரும் ஆடுவாரும் இசைப்போரும் தொடர்வர். இறுதியில் தெய்வ வடிவங்கள் தோளிலும் வண்டியிலும் எழுந்தருளும். நகர்மன்ற வெளியைக் கடந்து களத்தைச் சுற்றிவந்து, தமக்கென அமைந்த மேடையில் அத்தெய்வங்கள் வீற்றிருக்க, அவற்றின் முன்னிலையிலேயே ஓட்டம் நிகழும். திருப்பு கம்பம் ஒன்றன் அருகே நிலத்தடியிற் கொன்சஸ் என்னும் தானியக் கடவுளின் பலிபீடம் இருந்தது; விழாக் காலத்திலன்றி அதன் மேலுள்ள மண் அகற்றப்படுவதில்லை. எழுந்தருளி விக்கிரகம் வீதிவலம் வருதலைக் கண்டு பழகிய தமிழர் ஒருவர் அன்று அங்கு நின்றிருப்பின், காலை ஊர்வலத்தின் பொருளை எவரும் விளக்காமலே உணர்ந்திருப்பார்.

இலங்கைத் தூதர் கண்ட உரோமாபுரி இத்தகையதே. அவர்களை வரவேற்ற கிளாடியஸ், அதுகாறும் மென்கல்லாலும் மரத்தாலும் ஆகியிருந்த புறப்பாட்டு வாயில்களைச் சலவைக்கல்லாலும், திருப்பு கம்பங்களைப் பொன்பூச்சாலும் அணிசெய்தவன்.

தேர்கள் நான்கு நிறக் குழுக்களுக்கு உரியன: செம்மை, வெண்மை, நீலம், பச்சை. ஒவ்வொரு குழுவுக்கும் குதிரை வாங்குவோர், மருத்துவர், தச்சர், தையற்காரர், பாகர் எனப் பெருங் கூட்டம் உண்டு. அவற்றின் இலாயங்கள் முற்கூறிய ஒன்பதாம் பகுதியில் இருந்தன. பாகருட் பலர் அடிமைகள். உரோமச் சட்டத்தின் கண்ணில் அத்தொழில் இழிந்தது. அவர்களையே நகரம் தலைமேற் கொண்டாடியது. லுசித்தானியா நாட்டினனான தியொக்கிளிஸ் என்னும் பாகன் 24 ஆண்டுகள் தேரோட்டி, 4,257 ஓட்டங்களிற் புகுந்து, 1,462இல் வென்று, 42ஆம் வயதில் ஓய்வு பெற்றான் எனக் கல்வெட்டுக் கூறும். அவன் ஈட்டிய பரிசுத் தொகை மூன்றரைக் கோடி செஸ்தர்சுக்கு மேற்பட்டது. ஆயின் எல்லோர்க்கும் அந்நல்லூழ் வாய்க்கவில்லை. கடிவாள வாரை இடையிற் சுற்றிக்கொண்டு ஓட்டுவது வழக்கமாதலின், தேர் கவிழ்ந்தால் வாரை அறுக்கக் கத்தியும் உடன்வைத்திருந்தனர். இளமையிலே மாண்ட பாகர் பலரின் கல்லறை வாசகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

இனி, அரசியற் செய்திக்கு வருதல் பொருந்தும். குடியரசுக் காலத்தில் உரோம மக்கள் பேரவை கூடி அதிகாரிகளைத் தெரிந்தெடுத்தனர். கி. பி. 14இல் திபேரியஸ் அரியணை ஏறியதும் அத்தெரிவு செனற் சபைக்கு மாற்றப்பட்டது. வாக்களிக்கும் வெளி வறிதாயிற்று. பேரரசன் தேரோட்ட நாளில் மக்கள் முன் அமர்ந்தாகவேண்டும் என்பது வழக்கம். அங்கு எழும் குரலை அவன் கேளாதிருத்தல் அரிது. கி. பி. 41இல் கலிக்கூலா பேரரசனிடம் வரியைக் குறைக்குமாறு மக்கள் பந்தயக் களத்திலே இரந்து நின்றனர். அவன் செவிசாயாது, கூவியவர்களைப் பிடித்துக் கொல்வித்தான் என்பர் யூத சரித்திர ஆசிரியர் யொசேபஸ். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவனும் கொலையுண்டான். கி. பி. 190இல் தானியம் அருகி நகர் வாடியபோது, ஓட்டங்களின் நடுவே சிறுவர் கூட்டமொன்று நெடிய கன்னியொருத்தி முன்செல்லக் களத்தினுட் புகுந்து கூக்குரலிட்டது. மக்கள் அக்குரலை ஏற்று, அமைச்சன் கிளியாந்தரே பஞ்சத்துக்குக் காரணமென்று முழங்கியவாறு அரசன் இருந்த மாளிகை நோக்கிச் சென்றனர். கொம்மொதஸ் பேரரசன் அஞ்சி அவ்வமைச்சனைக் கைவிட்டான். சோறும் வேடிக்கையும் கிடைத்தால் உரோமர்க்கு வேறொன்றும் வேண்டாம் என்று யுவெனால் என்னும் புலவர் எள்ளியதை எடுத்தோதுவோர், சோற்றைக் கேட்க அம்மக்களுக்கு வேடிக்கையிடமே எஞ்சியிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணல் வேண்டும்.

எனினும், கூட்டத்தின் குரல் எப்போதும் நகரத்தின் குரலாய் இருப்பதில்லை. இதற்குச் சான்று உரோமப் பேரரசின் இரண்டாந் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிள். 330 மே 11இல் தொடக்கவிழாக் கண்ட அந்நகரும் பதினான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டது. அதன் பந்தயக் களம் அரண்மனையை ஒட்டியே இருந்தது. பேரரசன் தன் மாளிகையிலிருந்தே படியேறி வந்து காட்சி மாடத்தில் அமர்வான். அங்கு நீலரும் பச்சையரும் ஏனைய இரு நிறங்களையும் தம்முள் அடக்கிக்கொண்டு இரு பெருங் கட்சிகளாயினர். தந்தையின் நிறம் மகனுக்கு உரியதாயிற்று. எதற்காகப் பகைக்கின்றோம் என்று அறியாமலே உறவினரும் நண்பரும் ஒருவரையொருவர் பகைத்தனர் என்று புரொக்கோப்பியஸ் வருந்தி எழுதினார்.

532 சனவரியில், தூக்குமேடையினின்று தப்பிய இருவருக்கு, ஒருவன் நீலன், மற்றவன் பச்சையன், மன்னிப்பளிக்குமாறு இரு கட்சியும் களத்தில் வேண்டின. யுஸ்தினியன் பேரரசன் மறுத்தான். வாழ்நாளெல்லாம் பகைத்த இரு கட்சிகளும் அன்று ஒன்றுபட்டு ‘நீக்கா’, அஃதாவது ‘வெல்க’, என்னும் பந்தயக் கூச்சலையே போர்க்குரலாக்கின. நகரின் நடுப்பகுதி எரிந்தது. பெருந் தேவாலயமும் சாம்பலாயிற்று. இறுதியிற் படைத்தலைவர் இருவர் களத்தின் வாயில்களை அடைத்து உள்ளே கூடியிருந்தோரை வெட்டி வீழ்த்தினர். மாண்டோர் 30,000க்கு மேற்பட்டோர் என்பது புரொக்கோப்பியஸ் தரும் தொகை. இன்று இஸ்தாம்புலில் நிற்கும் அயா சோபியா, அவ்வெரிந்த தேவாலயத்தின் இடத்தில் 537இல் எழுந்தது. நகரத்தை ஒன்றுகூட்டிய களமே அதன் இடுகாடாகவும் ஆயிற்று.

இனி, பல பகுதிகளாலாகிய நகரத்தை ஒன்றுகூட்டும் இதே வினாவுக்குக் குதிரைமலையின் இப்பாலுள்ள நாடுகள் அளித்த விடையை நோக்கலாம். நகரைப் பகுதிகளாக வகுத்தல் இங்கும் பழைய வழக்கே. பண்டுகாபயன் அநுராதபுரத்தை வகுத்தபோது, மேலை வாயிலருகே யவனர்க்கு இடம் ஒதுக்கினான் என்றும், வேடர், துப்புரவாளர், துறவியர் முதலியோர்க்குத் தனித்தனி உறையுள் அமைத்தான் என்றும் மகாவம்சம் கூறும். குதிரைக்கும் குறைவில்லை. அந்நூலின்படி, அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் கடல்வழியே குதிரை கொணர்ந்த வணிகன் ஒருவனின் மைந்தர். மாந்தையில் 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழாய்வுகள், இரட்டை அகழி சூழ்ந்த அத்துறைநகர்க்கு மேற்கே பாரசீகக் குடாவும் கிழக்கே சீனமும் வரை வாணிபத் தொடர்பு இருந்தமையைக் காட்டின.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் தரும் செய்தி இன்னும் தெளிவானது. கடலோரத்தில் வணிகரும் கைவினைஞரும் யவனரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம். உள்ளே அரசரும் அந்தணரும் பெருங்குடியினரும், தேர்ப்பாகரும் குதிரைவீரரும் உறைந்த பட்டினப்பாக்கம். இரண்டிற்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடி. அங்கிருந்த பூதத்தின் பலிபீடத்திலேதான் இந்திரவிழா தொடங்கிற்று. இரு பாக்கத்து மறவரும் அப்பீடத்திற் பலியிட ஒருவரை ஒருவர் முந்தினர் என்று காப்பியம் காட்டுகின்றது. நீலரும் பச்சையரும் போன்ற போட்டி இங்கும் முளைவிட்டிருந்தது என்க. ஆயின், அதை வளர்க்கும் பந்தயக் களம் எதுவும் காப்பியத்தின் அந்நகரில் இல்லை.

தமிழ் நகரங்களிற் பின்னர் அவ்விடத்தைப் பெற்றது தேர்வீதி. கோயிலைச் சுற்றி நான்கு புறமும் அகன்று செல்லும் அவ்வீதி, ஆண்டில் ஒருநாள் ஊரார் அனைவரையும் ஓரிடத்திற் கூட்டும். உரோமனின் தேரும் தமிழனின் தேரும் இரண்டுமே தெய்வத்தின் முன்னிலையில் ஒரு மையத்தைச் சுற்றி ஓடுவன. உரோமத் தேரைக் குதிரை இழுக்கும். நகரம் இருந்து பார்க்கும். தமிழ்த் தேரில் தெய்வம் அமரும். நகரமே குதிரையாகி இழுக்கும். அங்கு ஒருவன் வெல்ல ஏனையோர் தோற்பர். இங்கு வடம் பிடித்தோர் ஒருங்கே இழுத்தாலன்றித் தேர் நகராது. நிலைக்கு வந்து சேர்ந்தால் அஃது அனைவர்க்கும் பொதுவான நிறைவு. வினாவுக்கு இதனினும் சிறந்த விடை இருத்தல் அரிது எனத் தோன்றும்.

ஆயின், அவ்விடையிலும் ஒரு குறை நெடுங்காலம் மறைந்திருந்தது. வடம் எல்லோர் கைக்கும் எட்டவில்லை. வீதிக்கு வெளியே நிறுத்தப்பட்ட சேரிகள் இருந்தன. கோயில் வாயில் அவர்க்கு அடைபட்டிருந்தது. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், அக்குறையை நாடறியச் செய்தது. உரோமாபுரியிற் பாகன் அடிமையாயினும் களத்தின் நடுவே நின்றான். மேல்தட்டில் நெருங்கி இருந்த ஏழையும் அரசனைக் கூவி அழைத்தான். இழிவு அங்கும் இருந்தது, குருதியும் மிகுதியாய் இருந்தது; எனினும் உள்ளே புகுதல் எல்லோர்க்கும் கூடிற்று. பொது இடம் என்னும் பெயர் பெறுவதற்கு ஓர் இடம் அழகியதாயும் புனிதமாயும் இருத்தல் போதாது. யாவரும் நுழையத்தக்கதாய் இருத்தலே முதல் இலக்கணம்.

குதிரைப் பந்தயக் களம் என்னும் அமைப்பு இந்நாடுகளுக்கு மிகப் பிந்தி, ஆங்கிலேயரோடு வந்தது. அதன் வரலாறும் இவ்விலக்கணத்தையே வற்புறுத்தும். 19ஆம் நூற்றாண்டில் கொழும்புக் காலிமுகத்திடலிற் குதிரைகள் ஓடின. 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. திடலோ பொதுவெளியாய் நின்று, மாலைப்பொழுதில் எல்லாச் சமூகத்தாரும் காற்று வாங்கும் இடமாயிற்று. 2022இல் ஆட்சியாளரை நோக்கி மக்கள் பல நாள் கூடி நின்று குரலெழுப்பியதும் அத்திடலிலேயே. கறுவாத்தோட்டக் களம் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளமாயிற்று. 1942 ஏப்பிரில் 5இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அவற்றை எதிர்த்த போர்விமானங்கள் சில அங்கிருந்தே எழுந்தன. சென்னைக் கிண்டியில் 1777 முதல் பந்தயம் நிகழ்ந்த வெளியில், 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. தமிழக அரசு 2024 செப்டெம்பரில் அக்குத்தகையை நீக்கியது. கிண்டி நிலத்தைப் பற்றிய வழக்கின் சாரம் குதிரையைச் சார்ந்ததன்று. நெருங்கிய நகரின் நடுவே எஞ்சிய பெருவெளி சிலர்க்கு உரியதா, எல்லோர்க்கும் உரியதா என்பதே.

உரோமாபுரியில் பெருங் களத்தின் கடைசி ஓட்டம் 549ஆம் ஆண்டளவில், நகரைக் கைப்பற்றிய கோத்தர் மன்னன் தோத்திலாவால் நடத்தப்பட்டது. அதன் பின்னர் கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன, மண் மூடிற்று. ஆயினும் இரு குன்றுகளுக்கு இடையே அந்நீண்ட வெளி இன்றும் கட்டடம் எழாது புற்றரையாய்க் கிடக்கின்றது. நகரத்தார் அங்கே நடக்கின்றனர், விழாக்களுக்குக் கூடுகின்றனர். இஸ்தாம்புலில் பழைய களத்தின் மண்ணுக்குத் துருக்கியர் இட்ட பெயர் ‘அத் மெய்தானி’, குதிரைத் திடல் என்பது அதன் பொருள். அணைமேல் நின்ற எகிப்தியக் கற்றூண் அங்கே இன்னும் நிற்கின்றது. சக்கரவர்த்திகளின் கட்டளைகள் அழிந்த பின்னரும், மக்கள் கூடிய வெளி தன் வடிவையும் பெயரையும் இழக்கவில்லை.

மன்னார்க் கரையிலும் குதிரைமலை தன் பெயரை இழந்திலது. உரோமக் கலம் ஒன்று வந்தடைந்ததாகக் கருதப்படும் அத்துறையில் இன்று அலையோசை ஒன்றே கேட்கின்றது. மாந்தை மேட்டின் கீழ் ஒரு நகரம் தன் வீதிகளோடும் பகுதிகளோடும் புதைந்து கிடக்கின்றது. அதன் மக்கள் எங்குக் கூடினர், யாரை உள்ளே விட்டனர், யாரைப் புறத்தே நிறுத்தினர் என்பவற்றை அகழ்வோரின் மண்வெட்டி ஒருநாள் சொல்லக்கூடும். அதுகாறும், அம்மேட்டின் அருகே பாலாவித் தீர்த்தத்தில் மகாசிவராத்திரி நாளில் நீரெடுத்துத் தாமே மகாலிங்கத்துக்கு வார்க்க வரிசையில் நிற்கும் அடியார் கூட்டம், பிரிந்து வாழ்வோர் ஒன்றுகூடும் இடத்தின் தேவையை ஆண்டுதோறும் நினைவூட்டி நிற்கும்.